ஸ்டோர்கீப்பர் கட்டிய கம்ப்யூட்டர்

என் அக்காவின் கணவர் குழாய் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்கீப்பர். லாரியில் வந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் சுற்றி வந்து பார்ப்பார். டேப் ஒரு ஓரத்தில் லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தால் போதும், "வண்டியத் திருப்பு" என்பார். உள்ளே தங்கமே இருந்தாலும் அவருக்கு அக்கறையில்லை. பிரித்து ஒட்டிய பெட்டி என்றால் அவர் வரையில் அது பொருளே அல்ல. இந்தக் கண்டிப்புக்காக முதலாளி அவரை மெச்சுகிறார், லாரி டிரைவர்கள் வைகிறார்கள். இரண்டையுமே அத்தான் ஒரே பெருமையோடுதான் சொல்வார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிய பிறகும் அவர் ஸ்டோர்கீப்பர்தான். பிரிட்ஜ் வாங்கிய நாளில் கதவில் ஒட்டியிருந்த நீலப் பிளாஸ்டிக் இன்னும் அப்படியே இருக்கிறது. சோபாவின் மேல் கம்பெனிக் கவர். உட்கார்ந்தால் மொறமொறவென்று சத்தம் வரும் என்பதால் விருந்தாளிகள் அதிக நேரம் உட்காருவதில்லை. டிவி ரிமோட்டின் கவர் மங்கிப்போய், எந்த எண் எங்கே இருக்கிறது என்பது இப்போது அக்காவின் விரல்களுக்கு மட்டுமே தெரியும். மிக்ஸி ஒவ்வொரு முறை அரைத்து முடித்ததும் தெர்மகோலோடு தன் பெட்டிக்குள் போய்விடும். சீலிங் ஃபேன் இறக்கைகளைச் சுற்றி வந்த கவரைக்கூட, சுற்றும்போது படபடவென்று அடிக்கிறது, தூங்க முடியவில்லை என்று அக்கா சண்டை போட்ட பிறகுதான் எடுத்தார்.

"நாளைக்கே ரிப்பேர்னு தூக்கிட்டுப் போனா, கடைக்காரன் முதல்ல என்ன கேப்பான்? கவர் எங்கன்னுதான் கேப்பான்" என்பார்.

"என்னையும் கல்யாணத்தன்னிக்குக் கவரோட குடுத்திருந்தா இந்நேரம் திருப்பி அனுப்பியிருப்பீங்க" என்பாள் அக்கா.

"உனக்கு கேரண்டி கார்டே குடுக்கலையே உங்கப்பா. எங்க போய்த் திருப்புறது?"

இப்படிப்பட்டவர்தான் ஒருநாள் கம்ப்யூட்டர் வாங்க வேண்டியதாயிற்று. வாங்க வேண்டிய நிலையை உண்டாக்கியவள் அக்கா.

பள்ளிப் படிப்போடு நின்றவள் அவள். வீட்டில் இருந்தபடியே வீடியோக்களுக்குத் தமிழில் எழுத்து போடும் வேலை இருக்கிறது என்று யாரோ சொல்ல, பக்கத்து வீட்டு டீச்சரின் லேப்டாப்பை இரவல் வாங்கி ரகசியமாகத் தேர்வு எழுதினாள். ஒருவர் பேசுவதைக் கேட்டு, பிழையில்லாமல், பேசி முடிப்பதற்குள் தட்டிவிட வேண்டும். அத்தானோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு, ஒருவர் பேசி முடிப்பதற்குள் என்ன சொல்லப்போகிறார் என்று தெரிந்துகொள்வது பெரிய காரியமா? தேறிவிட்டாள். கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அதிலிருந்து உள்ளே வந்து, "தயார்" என்ற பொத்தானை அழுத்த வேண்டும். தவறினால் அந்த இடம் காத்திருப்பில் உள்ள அடுத்த ஆளுக்கு.

அத்தான் மறுக்கவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். "நல்ல விஷயம்தானே" என்றார். ஆனால் கடையில் செய்து வைத்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"இத யாரு பூட்டினது?"

"நம்ம பசங்கதான் சார்" என்றார் கடைக்காரர்.

"அப்ப ஏற்கெனவே பிரிச்ச பொருள்."

அவ்வளவுதான். பாகம் பாகமாக, ஒவ்வொன்றும் தன் சொந்தப் பெட்டியில் சீல் உடையாமல் இருப்பதாகப் பார்த்து வாங்கி, தானே கட்டுவது என்று முடிவு செய்தார். வீடியோ பார்த்துப் படித்தார். பார்த்த வீடியோவையே மறுபடி மறுபடி பார்த்தார். சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் வெள்ளைப் படுக்கை விரிப்பை விரித்து, பெட்டிகளை உயர வாரியாக நிறுத்தி, பிளேடால் டேப்பை ஓரம் மட்டும் கீறி, மறுபடி ஒட்டினால் யாருக்கும் தெரியாதபடி திறந்தார். அறுவை சிகிச்சை செய்கிறவர்கள்கூட அவ்வளவு நுணுக்கமாகக் கீறுவார்களா என்பது சந்தேகம்தான். அன்று குடும்பமே தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டது.

"உடம்பு கட்டியாச்சு. உயிர் குடுக்க மாப்ள வருவான்" என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். மாப்ள என்பது நான்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதுவும் கம்ப்யூட்டரில். கறுப்பு அங்கியோடு நான் நிற்கும் படம் ஊரில் அப்பா வீட்டு நடுச்சுவரில் மாட்டியிருக்கிறது. இந்த வெயிலில் இவ்வளவு பெரிய கோட்டு எதற்கு என்று யாராவது கேட்டால் அப்பா துண்டால் படத்தைத் துடைப்பார். வயர் உள்ள எந்தப் பொருள் கெட்டாலும், இஸ்திரிப் பெட்டி உட்பட, என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் தெரியாது என்று சொன்னதில்லை. பட்டம் வாங்கியவன் சொல்கிற வார்த்தையா அது?

ஞாயிறு மதியம் நான் போனபோது கம்ப்யூட்டர் மேசையில் பளபளவென்று நின்றது. பக்கவாட்டுக் கண்ணாடியில் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தாள். மானிட்டரிலும் தாள். கீபோர்டு, வந்த உறைக்குள் இருந்தபடியே வயரை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பெட்டிகள் அனைத்தும் சுவரோரம் மூடி ஒட்டத் தயாராக அடுக்கியிருந்தன.

பென்டிரைவைச் சொருகி ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஏற்ற ஆரம்பித்தேன். சதவீதம் ஏறியது. அத்தான் ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். முப்பத்தொன்பதில் நின்றது. திரையில் சுற்றிக்கொண்டிருந்த புள்ளிகளும் நின்றன.

"யோசிக்குது" என்றார் அத்தான்.

யோசிக்க விட்டோம். கொஞ்ச நேரத்தில் திரை கறுத்து, இயந்திரம் தானாகவே அணைந்தது.

"யோசிச்சு முடிச்சிருச்சு" என்றாள் அக்கா, சமையலறை வாசலிலிருந்து. சிரித்தபடிதான் சொன்னாள். ஆனால் கண் கடிகாரத்தில் இருந்தது.

உடனே மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை பதினெட்டைத் தாண்டவில்லை. கடைக்காரருக்குப் போன் செய்தோம். பென்டிரைவை மாற்றச் சொன்னார். டீச்சர் வீட்டிலிருந்து வேறொன்று வாங்கி வந்து, அவர் லேப்டாப்பிலேயே அதில் எல்லாவற்றையும் ஏற்றி, வேறு ஓட்டையில் சொருகினேன். அதற்குள் அக்கா டீ கொடுத்தாள், குடித்தோம். இப்போது நாற்பத்தொன்று வரை போய் நின்றது.

"பாத்தியா, ரெண்டு ஏறியிருக்கு! பென்டிரைவ்தான் கோளாறு" என்றார் அத்தான்.

"ரெண்டு ரெண்டா ஏறினா அடுத்த வருஷம் முடிஞ்சிடும்" என்றாள் அக்கா.

அடுத்து நினைவகம். ரேம் என்று இரண்டு பட்டைகள் சொருகியிருந்தார். அதில் ஒன்று பழுதென்றாலும் இப்படி நிற்கும். ஒன்றைக் கழற்றி மற்றதை வைத்து ஓட்ட வேண்டும் என்றேன். அத்தான் தன் சிறுநீரகத்தைக் கேட்டது போலப் பார்த்தார். "இப்பத்தானே பூட்டினேன்" என்றார். பிறகு தானே, கைக்குட்டையால் பிடித்து, கழற்றித் தந்தார். ஒன்றை வைத்து ஓட்டினோம், நின்றது. மற்றதை வைத்து ஓட்டினோம், இன்னும் சீக்கிரம் நின்றது. மணி நான்கைத் தாண்டிவிட்டது.

அத்தான் மறுபடி கடைக்காரருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டார்.

"பெட்டியெல்லாம் வச்சிருக்கீங்களா சார்?" என்றார் கடைக்காரர்.

அத்தானின் முதுகு நிமிர்ந்தது. வாழ்நாள் முழுக்க அவர் காத்திருந்த கேள்வி அது. "எல்லாம் இருக்கு. கவர், தெர்மகோல், ஈரம் உறிஞ்சப் போடுற அந்தச் சின்ன உப்புப் பொட்டலம் வரைக்கும் இருக்கு."

"சூப்பர் சார். உங்கள மாதிரி கஸ்டமர் கிடைக்கிறது கஷ்டம். அப்படியே பேக் பண்ணி நாளைக்குக் கொண்டாந்துடுங்க. கம்பெனிக்கு அனுப்பி ஒரு வாரத்துல மாத்தித் தர்றேன்."

போனை வைத்த அத்தானின் முகத்தில் அப்படியொரு நிறைவு. "கேட்டியா? நான் சொன்னேன்ல? பெட்டி வேணும்னு நான் சொன்னேன்ல?" என்று எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, டேப்பை எடுத்து வந்து, தெர்மகோலைப் பெட்டிக்குள் பொருத்த ஆரம்பித்தார். ஒரு வாரம் என்பது அவர் காதில் விழவே இல்லை. திருப்பி அனுப்பத் தகுதியான பொருளை, திருப்பி அனுப்ப ஒப்புக்கொண்ட ஆளிடம், முறைப்படி திருப்பி அனுப்பப்போகிறார். ஒரு ஸ்டோர்கீப்பருக்கு இதைவிட நல்ல நாள் ஏது?

"ஆறு மணிக்கு நான் என்னத்த அமுக்குறது?" என்றாள் அக்கா.

"அடுத்த தடவ கூப்பிடுவாங்கம்மா. இதென்ன ஊர் உலகத்துல ஒரே வேலையா? பொருள் கோளாறுன்னா நாம என்ன பண்ண முடியும்?"

"அத்தான், இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்" என்றேன்.

"நோண்டாத மாப்ள. நோண்டினா எடுத்துக்க மாட்டான்."

அக்கா சுவரோரம் போனாள். அடுக்கியிருந்த பெட்டிகளில் மேலே இருந்ததை எடுத்துத் தரையில் வைத்து, அதன் மேல் ஏறி நின்றாள். பெட்டி தட்டையாகியது. அடுத்ததையும் எடுத்து வைத்து ஏறினாள். மூன்றாவது பெரிய பெட்டி. அது ஒரே மிதியில் அடங்கவில்லை. சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நாலைந்து மிதி மிதித்தாள். தெர்மகோல் உடைந்து வெள்ளை உருண்டைகள் வீடெங்கும் ஓடின. அத்தான் கையில் டேப்போடு நின்றார்.

கடைசிப் பெட்டியையும் தட்டையாக்கிவிட்டு, மூச்சு வாங்க, "இனி எதுல வச்சுத் திருப்புவீங்க?" என்றாள். "டேய் தம்பி, நீ பாரு. உனக்கு இனிமே தடையில்ல."

தடையில்லைதான். ஆனால் எங்கே பார்ப்பது? அத்தான் சோபாவில் போய் உட்கார்ந்தார். கவர் மொறமொறவென்றது.

நான் நடந்ததை முதலிலிருந்து வரிசையாக யோசித்தேன். உடனே மறுபடி ஓட்டிய போதெல்லாம் சீக்கிரம் நின்றிருந்தது. டீ குடித்துவிட்டு வந்து ஓட்டியபோது மட்டும் அதிக தூரம் போயிருந்தது. பென்டிரைவ் பழுதென்றால், நாங்கள் டீ குடித்தது அதற்கு எப்படித் தெரியும்? ரேம் பழுதென்றாலும் அதே கதைதான். ஓய்வு கொடுத்தால் ஓடுகிறது, கொடுக்காவிட்டால் படுக்கிறது. அப்படியென்றால் சூடு.

மறுபடி இயக்கி, இந்த முறை எதையும் ஏற்றாமல், இயந்திரத்தின் உள்நிலையைக் காட்டும் பயாஸ் திரைக்குள் போனேன். ஒரு மூலையில், கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரின் வெப்பநிலை இருந்தது. சும்மா இருக்கும்போதே எண்பது டிகிரியைத் தாண்டி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டிருந்தது.

"அத்தான், இது கொதிக்குது."

"ஃபேன் சுத்துதே!" என்றார், சோபாவிலிருந்தபடியே. பிறகு எழுந்து வந்து கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். சுற்றத்தான் செய்தது, நன்றாகவே.

"கழட்டிப் பாக்கணும்."

எடுத்துக்கொள்ள இனி யாரும் இல்லாததால் அவரும் மறுக்கவில்லை. அணைத்து, ஆற விட்டு, பிராசசரின் தலைமேல் உட்கார்ந்திருந்த கூலரை, அதாவது விசிறியும் உலோகக் கட்டியும் சேர்ந்த அந்தப் பாகத்தை, நான்கு திருகுகளையும் தளர்த்தித் தூக்கினேன். புரட்டினேன். பிராசசரைத் தொட்டுச் சூட்டை இழுக்க வேண்டிய அடிப்பாகத்தில், ஒரு சுருக்கம்கூட இல்லாமல், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் சிவப்பு எழுத்தில், பல மொழிகளில், பொருத்தும் முன் நீக்கவும் என்று அச்சிட்டிருந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்தோம்.

"இத நீங்க பாக்கலையா அத்தான்?"

"பாக்காம என்ன? படிச்சேன்" என்றார். குரலில் குற்ற உணர்வு துளியும் இல்லை. "அவன் அப்படித்தான் போடுவான் மாப்ள. உரிச்சுட்டு நாளைக்குக் கொண்டு போனா, காப்பர்ல கீறல் இருக்கு, எடுத்துக்க முடியாதுன்னு சொல்றவனும் அவன்தான். இருபது வருஷமா பாக்குறேனே இவனுங்கள."

"போர்வையப் போத்திவிட்டு, ஏன் வேர்க்குதுன்னு கேட்டிருக்கோம்" என்றாள் அக்கா. கோபமாகத்தான் ஆரம்பித்தாள். முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

தாளை உரிக்க நான் கை நீட்டினேன். அத்தான் கூலரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு கணம் அதன் மேல் கட்டைவிரலை வைத்து அப்படியே நின்றார். பிறகு ஒரு மூலையை நகத்தால் தூக்கி, பச்சைக் குழந்தையின் காயத்திலிருந்து கட்டுப் பிரிப்பது போல, மெல்ல மெல்ல உரித்தார். கிழியாமல் வந்தது. துடைத்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாங்கள் பார்த்தும் பார்க்காதது போல இருந்தோம்.

சூட்டைக் கடத்த நடுவில் தடவும் பசை வேண்டும். கூலரோடு வந்த சிறிய குழாயை அத்தான் நேற்றே முடித்திருப்பார் என்று பயந்தேன். கடுகளவு மட்டும் தொட்டு வைத்துவிட்டு மீதியைப் பத்திரப்படுத்தியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய சிக்கனத்துக்கு நான் மனதாரக் கும்பிடு போட்டேன். பழைய பனியன் துணியால் துடைத்து, புதிதாகப் பசை வைத்து, கூலரைப் பொருத்தினோம். பயாஸ் திரையில் வெப்பநிலை முப்பதுகளில் வந்து சாதுவாக நின்றது.

மறுபடி ஏற்றினோம். முப்பத்தொன்பது வந்தபோது அத்தான் எண்ணுவதை நிறுத்திக் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. அக்கா சமையலறைக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீரை நின்ற வாக்கில் குடித்துவிட்டு வந்தாள். நூறு ஆனபோது மணி ஐந்தரையை நெருங்கியிருந்தது. இயந்திரம் அணைந்து, தானாக எழுந்து, கேள்விகள் கேட்க ஆரம்பித்தது. அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கீபோர்டின் முன் உட்கார்ந்தார்.

"இந்தக் கம்ப்யூட்டரை யார் பயன்படுத்தப் போறாங்கன்னு கேக்குது" என்றேன்.

"ஆமாமா" என்று தன் இனிஷியலைத் தட்டினார். வருகிற சரக்குக்கெல்லாம் கையெழுத்துப் போட்ட விரல். அது பாட்டுக்குப் போய்விட்டது.

"எழுந்திரிங்க" என்றாள் அக்கா.

"நான் அடிக்கிறேன், நீ சொல்லு..."

"எழுந்திரிங்க."

எழுந்தார். அக்கா உட்கார்ந்தாள். கீபோர்டை உறையிலிருந்து உருவி, உறையை அவர் கையில் கொடுத்தாள். அவர் அடித்த எழுத்தை அழித்துவிட்டுத் தன் பெயரை அடித்தாள். பெயர் மட்டும். முன்னாலும் பின்னாலும் ஒன்றுமில்லை. பிறகு திரையைப் பார்த்துவிட்டு என்னிடம், "கடவுச்சொல் கேக்குது. நானே வைக்கலாமா?" என்றாள்.

"நீதான் வைக்கணும்."

"அப்ப ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"என்கிட்ட என்னம்மா?" என்றார் அத்தான்.

"திரும்புங்க."

திரும்பினோம். தட்டும் சத்தம் முடிகிற வழியாகத் தெரியவில்லை. "என்ன மாப்ள, இவ்ளோ நீளமா வைக்கிறா?" என்று கிசுகிசுத்தார்.

"நீளமா இருந்தாத்தான் பாதுகாப்பு அத்தான்" என்றேன்.

அக்கா கூப்பிட்டதும் வந்து பார்த்தோம். இன்னும் சில கேள்விகள், இன்னும் கொஞ்சம் காத்திருப்பு. கடைசியாகத் திரை விரிந்து, இணையம் வந்தது. கம்பெனியின் பக்கத்தை நான் திறந்து கொடுத்தேன். அங்கேயும் கடவுச்சொல் கேட்டது. அக்கா எங்களை நிமிர்ந்து பார்த்தாள். சொல்லக் காத்திராமல் இருவரும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டோம்.

இந்த முறை தட்டும் சத்தம் சீக்கிரமே நின்றது. சொடுக்கும் சத்தம் ஒன்று கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. அத்தான் கையில் கீபோர்டு உறையோடு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான். திரும்பலாம் என்று யாரும் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் ஆகியிருக்குமோ, அக்காவின் போன் அடித்து, அதன் ஸ்பீக்கரிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் குரல் அக்காவைப் பெயர் சொல்லி அழைத்து, நாளைக் காலைப் பயிற்சிக்கு வரவேற்றது. "சரிங்க மேடம்" என்றாள் அக்கா. அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதே இல்லை. எங்களைத் திரும்பச் சொல்ல மறந்தே போயிருந்தாள். "இன்னும் ஒரு சந்தேகம் மேடம்" என்று அவள் பேசிக்கொண்டே போனாள். நான் திரும்பப் பார்த்தேன். "இரு மாப்ள" என்றார் அத்தான், சுவரைப் பார்த்தபடியே, மெதுவாக. "அவ வேலையா இருக்கா."